மூத்தவனுக்குச் சட்டம், இளையவனுக்குக் கதை: ஆதியாகமத்து அண்ணன் தம்பிகள்

திண்ணைவாசி

ஆதியாகமத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிய்க்காமல் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். உடன்பிறப்புத் தகராறு இல்லாத வீடே அதில் கிடையாது. காயீன் ஆபேலைக் கொல்கிறான். இஸ்மவேல் தாயோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்படுகிறான். ஏசாவுக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை யாக்கோபு தட்டிக்கொண்டு போகிறான். அப்புறம் லேயாள், ராகேல் என்று அக்கா தங்கைச் சண்டை. கடைசியில் யோசேப்பு 20 வெள்ளிக்காசுக்கு விலைபோகிறான்.

சண்டை எல்லா வீட்டிலும் உண்டு, அதை விடுங்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள். ஈசாக்கு, யாக்கோபு, ராகேல், யோசேப்பு, எப்பிராயீம் எல்லாரும் பின்னால் பிறந்தவர்கள். ஆதியாகமத்தைத் தாண்டினாலும் இதே கதைதான். பார்வோன் முன்னால் நிற்கும்போது மோசேக்கு 80 வயது, அண்ணன் ஆரோனுக்கு 83. புது ராஜாவைத் தேடித் தீர்க்கதரிசி சாமுவேல் வீட்டுக்கே வந்து நிற்கும்போது ஈசாய் ஏழு மகன்களைக் காட்டுகிறான், எட்டாவது பையன் ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். அவன்தான் தாவீது. சாலொமோனுக்கு மேலே அண்ணன்மார் ஒரு வரிசையே இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? உபாகமம் 21:15-17. ஒருவனுக்கு இரண்டு மனைவி, ஒருத்தி பிரியமானவள், இன்னொருத்தி வெறுக்கப்பட்டவள். தலைமகன் வெறுக்கப்பட்டவளின் வயிற்றில் பிறந்திருந்தாலும் அவனுக்குத்தான் இரட்டைப் பங்கு. பிரியமானவளின் மகனுக்கு அந்த உரிமையைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது. அதாவது, பிரியமான ராகேலின் மகன் யோசேப்புக்கு யாக்கோபு இரட்டைப் பங்கு கொடுத்தது அப்படியே சட்ட விரோதம்!

ஒரே ஜனம் இந்தச் சட்டத்தையும் அந்தக் கதைகளையும் சேர்த்தே பாதுகாத்து வைத்திருக்கிறது. எப்படி? "தேவன் இருதயத்தைப் பார்க்கிறார்" என்று பிரசங்கத்தில் முடித்துவிடுவார்கள். தாவீதுக்கு அது பொருந்தலாம். ஆட்டுத்தோலைக் கையில் கட்டிக்கொண்டு குருட்டு அப்பாவிடம் போய் "நான்தான் ஏசா" என்று சொன்னவனின் இருதயத்தில் என்ன இருந்தது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

களிமண்பலகை

நல்ல கேள்வி. முதலில் சொத்துக் கணக்கைப் பேசிவிடுவோம், இறையியல் எங்கேயும் ஓடிப்போகாது.

தலைமகனுக்கு இரட்டைப் பங்கு என்பது எபிரேயர் மட்டும் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. அசூர் நகரில் கிடைத்த மத்திய அசீரியச் சட்டப் பலகைகளிலும் மூத்தவன் இரண்டு பங்கு எடுக்கிறான். ஆனால் பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டம் வேறு மாதிரி. அதன்படி தகப்பன் தனக்குப் பிடித்த மகனுக்கு வயலோ தோட்டமோ வீடோ எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தால், அப்பன் செத்த பிறகு அவன் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மீதியை எல்லாரும் சமமாகப் பிரிக்க வேண்டும் (165ஆம் பிரிவு). ஆக, செல்லப்பிள்ளைக்குத் தனியாகக் கொடுப்பது பாபிலோனில் சட்டப்படியே நடந்தது. உபாகமம் அந்தக் கதவைத்தான் சாத்துகிறது. அப்பாக்கள் அப்படிச் செய்துகொண்டிருந்திருக்காவிட்டால் சாத்தவேண்டிய அவசியம் வந்திருக்காது.

இஸ்மவேலின் தாய், சாராளின் அடிமைப்பெண் ஆகார் விஷயத்துக்கும் ஹமுராபியில் வெளிச்சம் இருக்கிறது. அடிமைப்பெண்ணுக்குப் பிறந்தவர்களைத் தகப்பன் "என் பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டால், அவர்களும் மனைவியின் பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறுவார்கள். மனைவியின் மகன் முதலில் பங்கைத் தேர்ந்தெடுப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பின்னணியில் சாராள் சொல்வதைக் கேளுங்கள்: இந்த அடிமைப்பெண்ணின் மகன் என் மகனோடு சுதந்தரவாளியாக இருக்கக்கூடாது. வெறும் சக்களத்திக் கோபமாக இதை வாசிக்கக்கூடாது. பங்கு கேட்கும் தகுதி இஸ்மவேலுக்கு இருந்ததால்தான் அவள் பயந்தாள்.

பசித்து வந்த ஏசா கூழுக்குத் தன் பிறப்புரிமையை யாக்கோபிடம் விற்ற கதைக்கு ஒரு இணையும் காட்டுவார்கள். கிர்குக் பக்கத்தில் நூசி என்ற ஊரை 1925 முதல் 1931 வரை தோண்டினார்கள். அங்கே கிடைத்த ஒரு பலகையில் ஒருத்தன் தோப்பில் தனக்கு வரவேண்டிய பங்கை மூன்று ஆட்டுக்குத் தம்பிமுறைக்காரனுக்கு விற்கிறான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் "இதோ ஆதியாகமத்துக்கு ஆதாரம்" என்று குதித்தார்கள். 1970களில் தாம்சன், வான் சீட்டர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்த ஒப்பீடுகளில் பாதிக்கு மேல் இழுத்துப் பிடித்தவை என்று காட்டிவிட்டார்கள். ஒரு தோப்பின் பங்கை விற்பது வேறு, தலைமகன் என்ற இடத்தையே விற்பது வேறு. என் கட்சியும் அதுதான்.

இன்னொன்று. இரட்டைப் பங்கு என்றால் இரண்டு மகன் உள்ள வீட்டில் சொத்தை மூன்றாகப் போட்டு இரண்டு மூத்தவனுக்கு. அந்தக் கூழின் விலை ஈசாக்கு சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, கூடவே குடும்பத் தலைமை. ஆனால் யாக்கோபு தகப்பன் சொத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட எடுத்ததாகக் கதையில் வரியில்லை. கையில் ஒரு கோலோடு யோர்தானைக் கடந்தேன் என்று அவனே சொல்கிறான்.

ஞாயிறுவகுப்பு

திண்ணைவாசி அண்ணே, பிரசங்கத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், "நல்லவன் ஜெயித்தான்" என்று இந்தக் கதைகளைச் சொல்லவே முடியாது. பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள், "டீச்சர், பொய் சொன்னவனுக்கு ஏன் ஆசீர்வாதம்?" என்று.

என் பார்வையில் இது இஸ்ரவேல் தன்னைப் பற்றித் தானே வரைந்துகொண்ட படம். எகிப்து, பாபிலோன், அசீரியா எல்லாம் வயதிலும் பலத்திலும் அண்ணன்மார். நடுவில் மலைநாட்டில் ஒரு பொடிப்பயல். உபாகமம் 7:7 இதை ஒளிக்கவே இல்லை. நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாய் இருந்தீர்கள், எண்ணிக்கையைப் பார்த்து உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்கிறது. அதே பொடிப்பயலைப் பற்றிப் பார்வோனிடம் என்ன சொல்லியனுப்பப்படுகிறது? "இஸ்ரவேல் என் குமாரன், என் சேஷ்ட புத்திரன்" (யாத்திராகமம் 4:22). கடைக்குட்டியைத் தலைமகன் என்று அறிவிப்பது! சட்டமும் கதையும் மோதவில்லை, சட்டம் இருக்கிறதால்தான் கதைக்கு வலு. மூத்தவனுக்கு மதிப்பே இல்லாத ஊரில் இளையவன் ஜெயித்தால் அது செய்தியே இல்லையே.

குறுக்குக்கேள்வி

அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. நான் கொஞ்சம் அசிங்கமான கேள்வி கேட்கிறேன். இதனால் யாருக்கு லாபம்?

தாவீதின் வீட்டை எடுங்கள். மூத்தவன் அம்னோன் கொல்லப்படுகிறான். கொன்ற அப்சலோம் கலகம் செய்து சாகிறான். அடுத்து அதோனியா. அவன் சாலொமோனின் தாய் பத்சேபாளிடமே சொல்கிறான்: ராஜ்யம் என்னுடையதாக இருந்தது, நான் அரசாளுவேன் என்று இஸ்ரவேலெல்லாம் எதிர்பார்த்தது (1 இராஜாக்கள் 2:15). ஊர் முழுக்க மூத்தவனையே எதிர்பார்த்தது என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? தாவீதைக் கடைசிக் காலத்தில் பராமரித்த அபிஷாகை அவன் பெண் கேட்டான் என்ற சாக்கில் சாலொமோன் அவன் கதையை முடிக்கிறான். அப்படிச் சிம்மாசனம் ஏறிய அரசவைக்கு "எங்கள் முன்னோர்கள் காலத்திலிருந்தே தேவன் இளையவனைத்தான் தேர்ந்தெடுப்பார்" என்ற கதை எவ்வளவு வசதி!

ஆதியாகமம் 49ஐப் பாருங்கள். சாகப்போகும் யாக்கோபு ரூபனைத் தகப்பன் மஞ்சத்தைத் தீட்டுப்படுத்தியதற்காகத் தள்ளுகிறான். சிமியோனையும் லேவியையும் சீகேமில் செய்த படுகொலைக்காகச் சபிக்கிறான். மூன்று பேர் அவுட். நாலாவது யார்? யூதா. செங்கோல் அவனை விட்டு நீங்காது. தாவீதின் கோத்திரம் எது? யூதா. இதைவிடச் சுத்தமாக ஒரு சீனியாரிட்டி பட்டியலைத் திருத்த முடியாது.

யோசேப்பு, யூதா போட்டியையும் அப்படியே வாசிக்கலாம். யோசேப்பின் மகன் எப்பிராயீம் வடக்கு ராஜ்யத்தின் முதுகெலும்பு, அதன் முதல் ராஜா யெரொபெயாம் அந்தக் கோத்திரத்தான். யூதா தெற்கு. 1 நாளாகமம் 5:1-2 பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரியே இருக்கும்: தலைமகன் உரிமை யோசேப்புக்கு, தலைவன் வருவது யூதாவிலிருந்து. இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளலாம்.

களிமண்பலகை

இதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுசாக ஏற்க முடியாது. அரசவை எழுத்தாளன் எழுதிய விளம்பரம் என்றால், யூதா தன் மருமகள் தாமாரை வேசி என்று நினைத்துப் போன கதை எதற்கு? "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று தாவீதின் முப்பாட்டன் ஊரறிய ஒப்புக்கொள்வது எதற்கு? தாவீது இன்னொருவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட கதையை எந்த அரசன் காசு கொடுத்து எழுதச் சொல்வான்? சம்பளத்துக்கு எழுதியவன் இவ்வளவு உண்மை பேசினால் அடுத்த மாதம் வேலை இருக்காது.

நடுப்பிள்ளை

எல்லாரும் அண்ணன் தம்பி என்றே பேசுகிறீர்கள். இந்த வீடுகளில் வரிசையை உண்மையில் நிர்ணயித்தது யார் வயிற்றில் பிறந்தான் என்பது. ஆதியாகமம் 33இன் தொடக்கத்தை யாரும் நின்று வாசிப்பதில்லை. ஏசா 400 பேரோடு வருகிறான். வெட்டுவானா, கட்டிப்பிடிப்பானா தெரியாது. யாக்கோபு குடும்பத்தை வரிசைப்படுத்துகிறான். வேலைக்காரிகள் பில்காளும் சில்பாளும் அவர்கள் பிள்ளைகளும் முதலில். அடுத்து லேயாளும் அவள் பிள்ளைகளும். ராகேலும் யோசேப்பும் கடைசியில்.

கொஞ்சம் யோசியுங்கள். வாள் வந்தால் முதலில் யார்மேல் படவேண்டும் என்று அப்பா தன் கையால் வரிசை போட்டுக் காட்டியிருக்கிறார். தாணும் நப்தலியும் காத்தும் ஆசேரும் அந்த முன்வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் யோசேப்புக்கு மட்டும் அப்பா கொடுத்த பலவருண அங்கி ஒரு பெரிய அதிர்ச்சியாகவா இருந்திருக்கும்?

37:2ஐயும் கவனியுங்கள். 17 வயது யோசேப்பு யாரைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்கிறான்? பில்காள், சில்பாள் பிள்ளைகளைப் பற்றி. கீழே இருக்கிறவர்களைப் பற்றி மேலே போட்டுக்கொடுப்பது. "பத்து அண்ணன்மார் சேர்ந்து ஒரு பையனை வதைத்தார்கள்" என்று சொல்கிறோமே, அந்தப் பத்துப் பேர் ஒரு கட்சியே இல்லை. லேயாளின் ஆறு பேர் ஒரு தட்டு, வேலைக்காரிகளின் நாலு பேர் இன்னொரு தட்டு. யோசேப்புமேல் இருந்த வெறுப்பு ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைத்தது.

அம்மாக்களுக்கும் வருவோம். ரூபன் வயலில், பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனி பொறுக்கிக்கொண்டு வந்து தன் தாய்க்குக் கொடுக்கிறான். ராகேல் கேட்கிறாள். லேயாள் வெடிக்கிறாள்: என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகனின் கனியும் வேண்டுமா? கடைசியில் கனிக்குப் பதிலாக ஒரு ராத்திரி யாக்கோபு லேயாளுக்கு. வயலிலிருந்து திரும்பும் மனிதனை வழியிலேயே மறித்து, "உம்மை வாங்கிவிட்டேன்" என்கிற அளவுக்குப் போகிறது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்?

ரெபெக்காளைக் கேட்டால் இன்னும் பரிதாபம். "சில நாள் அண்ணன் கோபம் ஆறும்வரை அங்கே இரு" என்று செல்லமகனை அனுப்புகிறாள். அவன் தாய்மாமன் லாபான் வீட்டில் 20 வருஷம் கிடக்கிறான். அவன் திரும்பி வந்தபின் அவளைக் கண்டதாக ஒரு வரி கிடையாது. ரெபெக்காளின் தாதி தெபோராள் செத்ததைக்கூட எழுதியவர், ரெபெக்காளின் சாவை எழுதவில்லை.

ஞாயிறுவகுப்பு

அந்த 20 வருஷத்தின் முதல் பாடமே லாபான் வாயிலிருந்துதான் வருகிறது, ராகேலைக் கேட்ட யாக்கோபுக்கு ராத்திரியில் லேயாளை மாற்றிக் கொடுத்துவிட்டு, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை என்று. யாக்கோபின் முகத்தில் அறைந்த மாதிரி. ஆதியாகமத்துக்கு யூத ரபிமார் எழுதிய பழைய விளக்கத்தில் (பெரேஷித் ராபா) இதை இன்னும் காரமாக்கியிருக்கிறார்கள். விடிந்ததும் யாக்கோபு லேயாளை "ஏமாற்றுக்காரி, ஏமாற்றுக்காரனின் மகள்" என்று திட்டுகிறான். அவள், சீடன் இல்லாத குரு உண்டா, உன் அப்பா உன்னை ஏசா என்று கூப்பிட்டபோது நீ பதில் சொல்லவில்லையா என்று திருப்பிக் கேட்கிறாள்.

ஊமைவாசகன்

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இப்போது ஒன்று கேட்டே ஆகவேண்டும். ஏசா பாவம் இல்லையா? அவன் செய்த தப்பு என்ன, பசித்தது!

திண்ணைவாசி

ஏசாவைக் கதை சொன்னவரே கைவிடவில்லை என்று நினைக்கிறேன். "என்னையும் ஆசீர்வதியும்" என்று சத்தமிட்டு அழுகிற இடத்தில் வாசகன் யார் பக்கம் நிற்பான்? கொல்லுவேன் என்று சொன்னவன் 20 வருஷம் கழித்து எதிர்கொண்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். யாக்கோபு அனுப்பிய காணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்: வெள்ளாடு 220, செம்மறி 220, பால் கொடுக்கும் ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி. ஏசா என்ன சொல்கிறான்? "தம்பி, எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும்."

திருடிய ஆசீர்வாதத்தின் வாசகம் ஞாபகம் இருக்கிறதா? உன் தாயின் பிள்ளைகள் உன்னை வணங்குவார்கள் என்றது. நடந்தது என்ன? யாக்கோபு ஏழு தடவை தரைமட்டும் குனிகிறான், "என் ஆண்டவனே" என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். ஏசா குனிந்ததாக எங்கேயும் இல்லை.

ஞாயிறுவகுப்பு

அந்த "ஆண்டவனே" எட்டு இடத்தில் வருகிறது என்று ரபிமார் எண்ணி வைத்திருக்கிறார்கள். நீ எட்டு தரம் உன்னைத் தாழ்த்தினாய், அதனால் உன் பிள்ளைகளுக்கு முன்பே அவன் பிள்ளைகளில் எட்டு ராஜாக்களை எழுப்புவேன் என்று தேவன் சொன்னதாக ஒரு விளக்கம். ஆதியாகமம் 36இல் இஸ்ரவேலுக்கு ராஜா வருமுன் ஏசா வம்சத்து நாடான ஏதோமை ஆண்டவர்கள் பட்டியல் இருக்கிறது, எண்ணினால் எட்டு.

குறுக்குக்கேள்வி

பிள்ளைகள் பிறக்குமுன் ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்ட "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்பதையும் சரித்திரத்தில் தேடுங்கள். தாவீது ஏதோமில் தாணையம் (காவல்படை) வைத்தான் (2 சாமுவேல் 8:14). யூதாவின் ராஜா யோராம் காலத்தில் ஏதோம் பிய்த்துக்கொண்டு போய்த் தனக்கு ராஜாவை வைத்துக்கொண்டது (2 இராஜாக்கள் 8:20). "ஒருநாள் அவன் நுகத்தை உடைப்பாய்" என்று ஈசாக்கு ஏசாவுக்குச் சொன்னது அதற்குப் பின்னால் எழுதப்பட்டதா, முன்னாலா? நான் கேள்வியை மட்டும் வைக்கிறேன். எருசலேம் விழுந்த நாளில் அண்ணன் ஏதோம் வேடிக்கை பார்த்தான் என்று தீர்க்கதரிசி ஒபதியா கொதிக்கிறார். அது கட்டிப்பிடித்து அழுத அண்ணன் இல்லை.

சமன்

இஸ்லாமிய வாசகனாக ஒரு சின்னக் குறிப்பு. யூசுப் கதை குர்ஆனில் 12ஆம் அத்தியாயம் முழுக்க வருகிறது. அங்கேயும் அண்ணன்மாரின் புகார் இதுதான், அப்பாவுக்கு யூசுபும் அவன் தம்பியும்தான் அதிகப் பிரியம் என்பது. கடைசியில் யூசுப், இன்று உங்கள்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்கிறார். ஆதியாகமத்தில் அந்த மன்னிப்பு இவ்வளவு நேராக வருவதில்லை என்று நினைக்கிறேன். அழுகை நிறைய இருக்கிறது.

இஸ்மவேலைத் துரத்தியதோடு எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் பண்ணியது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து (25:9). ஈசாக்கை அடக்கம் பண்ணியது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து (35:29).

திண்ணைவாசி

சமன் தம்பி சொன்ன "நேராக வருவதில்லை" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். இழையை ஆரம்பித்தபோது எனக்கு இருந்த கேள்வி, தேவன் ஏன் இளையவனைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது. இப்போது இந்தக் கதைகள் அக்கறைப்படுவது வேறொன்றில் என்று படுகிறது: தேர்ந்தெடுக்கப்படாதவன் அதற்கப்புறம் என்ன செய்கிறான்?

காயீனிடம் தேவன் பேசுவது கொலைக்கு முன்னால். ஏன் உன் முகம் வேறுபட்டது, பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆளவேண்டும் என்று. காணிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. கேள்வி முழுக்க, இப்போது நீ என்ன செய்யப்போகிறாய் என்பதிலேயே இருக்கிறது. அவன் கொன்றான். ஏசா நொந்து, கறுவி, அப்புறம் கட்டிக்கொண்டான். இந்த வரிசையின் உச்சம் யூதா.

எகிப்தின் அதிபதியாகிவிட்ட யோசேப்பு, பஞ்சத்தில் தானியம் வாங்க வந்து தன்னை அடையாளம் தெரியாமல் நிற்கும் அண்ணன்மாரிடம் என்ன செய்கிறான் பாருங்கள். அண்ணன்மாரை வயது வரிசையில் உட்காரவைக்கிறான், மூத்தவன் முதல் இளையவன் வரை. அவர்களுக்குத் திகைப்பு. பிறகு பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு பரிமாறுகிறான் (43:33-34). அந்தப் பந்தியே ஒரு பரீட்சை. வரிசையைக் கண்ணெதிரே நிறுத்திவிட்டு அதை உடைத்துக் காட்டுகிறான், ராகேல் மகனுக்கு மறுபடியும் சலுகை. இந்தத் தடவை என்ன செய்வீர்கள்? அடுத்து வெள்ளிப் பாத்திரம் பென்யமீன் சாக்கில். அவனை விட்டுவிட்டு நீங்கள் போகலாம் என்கிறான். இருபதுக்கு விற்றவர்களுக்கு இப்போது இலவசமாகவே தொலைக்க வாய்ப்பு.

ரூபன் மூத்தவன். அவன் ஏற்கெனவே அப்பாவிடம், பென்யமீனைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு மகன்களைக் கொன்றுபோடும் என்று சொல்லிப் பார்த்தான். பேரன்களைக் கொன்று தாத்தாவுக்கு என்ன ஆறுதல்? யாக்கோபு அசையவில்லை. யூதா, நானே ஜாமீன், என் கையில் கேளும் என்றான். அதற்குத்தான் அசைந்தான்.

44இல் யூதா எகிப்து அதிபதிக்கு முன் பேசுகிறான். அதில் அப்பா சொன்னதாக ஒரு வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்பது உங்களுக்குத் தெரியும் (44:27). இரண்டு பிள்ளைகள்! அப்படியானால் இதைச் சொல்லிக்கொண்டு நிற்கிற யூதா யார் பெற்ற பிள்ளை? அவன் அம்மா லேயாள் மனைவிக் கணக்கிலேயே இல்லை. யோசேப்பைக் குழியில் தள்ள வைத்த அதே காயம். அதை அவன் வாயாலேயே, கசப்பில்லாமல், அந்நியன் முன் சொல்லிவிட்டு, பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், அவனை அனுப்பிவிடும், அவன் இல்லாமல் போனால் அப்பா செத்துவிடுவார் என்கிறான். அப்பா திருந்தவில்லை. நியாயமாகப் பங்கு போடவில்லை. ஒருநாளும் போடப்போவதில்லை. அந்த அப்பாவையே அப்படியே சுமப்பது என்று மகன் முடிவுசெய்கிறான். யோசேப்பு அங்கேதான் உடைகிறான்.

மறுபக்கம் தாவீதின் வீடு. அம்னோன் அப்சலோமின் தங்கை தாமாரை (யூதாவின் மருமகள் இல்லை, வேறொருத்தி) கெடுத்தான் என்று கேட்டு தாவீதுக்கு வெகுகோபம், அதோடு சரி, ஒரு தண்டனையும் இல்லை. அப்சலோம் இரண்டு வருஷம் வாயே திறக்காமல் காத்திருந்து கொல்கிறான். அதோனியாவைப் பற்றி, இப்படி ஏன் செய்தாய் என்று அப்பா ஒருநாளும் கேட்டு வருத்தப்படுத்தியதில்லை என்கிறது 1 இராஜாக்கள் 1:6. அந்த வீட்டில் ஒரு யூதா எழும்பவே இல்லை, அவனுடைய வம்சமாக இருந்தும்.

நடுப்பிள்ளை

இதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அப்பா ஓரவஞ்சனை செய்வார், பிள்ளைகள் சகித்துக்கொண்டு பக்குவப்பட வேண்டும். யாருக்கு வசதியான பாடம் இது? யூத ரபிமாரின் சட்டத் தொகுப்பான தல்மூதில் அவர்கள் உங்களைவிட நேர்மையாக இருக்கிறார்கள். யாரும் பிள்ளைகளுக்குள் ஒருவனை விசேஷப்படுத்தக்கூடாது, யாக்கோபு மற்றவர்களைவிட யோசேப்புக்கு இரண்டு சேலா எடை கம்பளி அதிகமாகக் கொடுத்ததால் சகோதரர்கள் பொறாமைப்பட்டார்கள், நம் முன்னோர்கள் எகிப்துக்குப் போகும்படி ஆயிற்று என்று சபாத் பகுதியில் இருக்கிறது. குற்றம் அப்பாமேல். பேச்சே இல்லை.

யூதாவின் பேச்சோடு கணக்கு முடிந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. யாக்கோபு செத்தவுடன் அண்ணன்மார் நடுங்குகிறார்கள், யோசேப்பு இனிமேல் பழிவாங்குவான் என்று. அப்பா சாகுமுன் உன்னை மன்னிக்கச் சொன்னார் என்று ஆள் அனுப்புகிறார்கள். அப்பா அப்படிச் சொன்னதாகக் கதையில் எங்கேயும் இல்லை! எகிப்தில் 17 வருஷம் தம்பி சோறு போட்டும் அந்தப் பயம் போகவில்லை.

திண்ணைவாசி

நடுப்பிள்ளை, சகித்துக்கொள் என்று பாடம் எடுப்பதும் சகித்த ஒருவனைப் பார்த்து வியப்பதும் ஒன்றில்லை. யாக்கோபைக் குற்றவாளி இல்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் 50ஆம் அத்தியாயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது அப்படியே நிற்கட்டும்.

ஊமைவாசகன்

பெண்பிள்ளைகளுக்குள் மூத்தவள், இளையவள் பங்கு எதாவது உண்டா?

களிமண்பலகை

செலொப்பியாத்தின் ஐந்து மகள்களைப் பாருங்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மகன் இல்லாமல் செத்த அப்பாவின் நிலத்தைக் கேட்டு மோசே முன் நிற்கிறார்கள் (எண்ணாகமம் 27). கிடைக்கிறது. மூத்தவளுக்கு இரட்டை என்று பேச்சே எழவில்லை. ஆனால் 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்து ஆண்கள் வந்து, நிலம் வெளியே போகாமல் இருக்க சொந்தக் கோத்திரத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வாங்கிவிட்டார்கள். யோபு மட்டும் விதிவிலக்கு, மூன்று மகள்களுக்கும் சகோதரர் நடுவிலேயே பங்கு கொடுத்தார்.

முதல் கேள்விக்கும் சொத்துக்காரன் பதில் ஒன்று மீதி இருக்கிறது. ரூபன் இழந்த இரட்டைப் பங்கு எங்கே போனது? யோசேப்பின் இரண்டு மகன்களையும் யாக்கோபு தன் மகன்களாக ஏற்றுக்கொள்கிறான். எப்பிராயீம், மனாசே என்று இரண்டு கோத்திரம், இரண்டு நிலப் பங்கு. லேவிக்கு நிலம் கிடையாது, அதனால் பன்னிரண்டு என்ற கணக்கும் இடிக்காது. உபாகமம் கூடாது என்றதை யாக்கோபு செய்தே முடித்துவிட்டான்.

ஞாயிறுவகுப்பு

அந்த இடத்தில்தான் கிழவர் கைகளைக் குறுக்கே மாற்றி வைக்கிறார், வலது கை இளையவன் எப்பிராயீம் தலையில். அப்பா, இவன்தான் மூத்தவன் என்று கையைத் தூக்கி மாற்றப் பார்ப்பது யார்? யோசேப்பு! சலுகையிலேயே வளர்ந்தவன், தன் பிள்ளைகள் என்று வந்ததும் மூத்தவன் பக்கம் பேசுகிறான். "தெரியும் என் மகனே, தெரியும்" என்கிறார் யாக்கோபு. ஈசாக்கைப் போல இவருக்கும் கண் மங்கல்தான், ஆனால் இவரை யாரும் ஏமாற்றவில்லை.

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன்களை ஆசீர்வதிக்கும்போது "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்" என்றுதான் சொல்கிறார்கள். ஆபிரகாம், ஈசாக்கு என்று சொல்லாமல் ஏன் இந்த இரண்டு பேர்? ஆதியாகமத்தில் தம்பி முந்தியும் சண்டை போடாத முதல் ஜோடி இவர்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விளக்கம்.

குறுக்குக்கேள்வி

அக்கா, ஆதியாகமத்தோடு நிறுத்தினால் சரி. நியாயாதிபதிகள் 8ஐத் திறங்கள். கிதியோன் மனாசே கோத்திரத்தான், தன் அப்பா வீட்டில் தானே சின்னவன் என்று சொன்னவன். மீதியானியரை அவன் அடித்ததும் எங்களை ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று சண்டைக்கு வருவது எப்பிராயீம். அவன் நைசாகப் பேசி அனுப்பிவிடுகிறான். 12இல் அதே புகாரோடு யெப்தாவிடம் போகிறார்கள். அவன் ஏற்கெனவே அண்ணன் தம்பிகளால் வேசி மகன் என்று வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன், அவனுக்கு நைசாகப் பேசத் தெரியாது. அவன் கூட இருந்த கீலேயாத்தியர் யார்? மனாசேயின் மகன் மாகீர் வம்சம். யோர்தான் துறைகளை மறித்து நின்று, தப்பி ஓடிவந்த எப்பிராயீம்காரர்களைப் பேச்சை வைத்தே அடையாளம் பிடித்து வெட்டினார்கள். அந்தப் போரில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று எழுதியிருக்கிறது.